நுனியை ஒடிக்காமல் வெண்டைக்காய் வாங்குவது எப்படி?
உழவர் சந்தை: வாசகர் கேள்வி – பதில்

உழவர் சந்தையிலும் தோட்டத்து வாசலிலும் காய்கறி, பழம் வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலர் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் ஊர் உழவர் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போனால் நல்லது? பத்து மணிக்கு மேல் போனால் விலை மலிவு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

எதை வாங்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீரை, வெண்டை, அவரை, கொத்தவரை, பாகல் வேண்டுமென்றால் ஆறு முதல் ஏழரை மணிக்குள் போய்விடுங்கள். பெரும்பாலான காய்களை முந்தின நாள் சாயங்காலம் பறித்து, இரவில் சாக்கிலோ கூடையிலோ வைத்து, விடிவதற்குள் கொண்டுவருகிறார்கள். சந்தைக்கு அருகிலுள்ள கிராமத்துக் கீரை மட்டும் அன்று அதிகாலையில் அறுத்ததாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் முதலில் தலை சாய்வது கீரைதான்.

பூசணி, சேனை, கருணை, வெங்காயம், தேங்காய், வாழைக்காய் ஆகியவற்றுக்கு நேரம் ஒரு பொருட்டல்ல. ஒன்பதரைக்கு மேல் போனாலும் அதே சரக்குதான். மிச்சத்தைத் திரும்பச் சுமந்து போக வேண்டாம் என்று அந்த நேரத்தில் விவசாயிகளே விலையைக் குறைப்பதும் உண்டு.

தாமதமாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடிய காய்மேல் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். அது ஏமாற்று அல்ல, வெயிலுக்குச் செய்யும் வழக்கமான காரியம். ஆனால் நனைந்த வெண்டையும் பீன்ஸும் வீட்டுக்குப் போய் ஒரே இரவில் கறுத்து வழவழக்கும். குவியலின் மேற்புறம் மின்னினால் கையை அடியில் விட்டு இரண்டு காயை எடுத்துப் பாருங்கள். அடியில் இருப்பது உலர்ந்து, விறைப்பாக இருந்தால் வாங்கலாம். ஈரத்தோடு வாங்க நேர்ந்தால் வீட்டில் துணிமேல் பரப்பி, நன்றாக உலர்ந்த பிறகு எடுத்து வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. சில ஊர்களில் உழவர் சந்தையை மாலை நேரத்திலும் நடத்துகிறார்கள். உங்கள் சந்தை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சந்தை வாசலில் எழுதிப் போடும் விலையை யார் முடிவு செய்கிறார்கள்? அதற்குக் கீழே பேரம் பேசலாமா? (வாசகர், சேலம்)

தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல், விளைவித்தவரும் வாங்குபவரும் இருவருமே ஆதாயம் பெற வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. விலை வைக்கும் முறையும் அதை ஒட்டியதே. தினமும் காலையில் சந்தை அலுவலர்கள் அருகிலுள்ள மொத்தச் சந்தை விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி பலகையில் எழுதுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கத்தரிக்காய் மொத்தச் சந்தையில் கிலோ 30 ரூபாய் என்றால், 20 சதவீதம் சேர்த்து 36. வெளிக்கடையில் 44 என்றால், 15 சதவீதம் கழித்து 37 சொச்சம். பலகையில் 36 அல்லது 37 என்று இருக்கும். மொத்தச் சந்தைக்குப் போட்டிருந்தால் விவசாயிக்கு 30 ரூபாய்தான், அதிலும் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி போகும். நீங்களும் வெளிக்கடையைவிட ஏழு ரூபாய் குறைவாகக் கொடுக்கிறீர்கள்.

பலகை விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். அதற்குக் கீழே பேரம் பேசுவதை, குறிப்பாகக் காலை நேரத்தில், தவிர்த்துவிடுங்கள் என்றுதான் சொல்வோம். இரண்டு ரூபாய் குறைப்பது உங்களுக்குப் பெரிதல்ல. பத்து கிலோ கொண்டுவந்தவருக்கு அது பஸ் செலவு. காய் சுமாராக இருந்தால் ‘இது ரெண்டாம் தரம்தானுங்களே?’ என்று கேட்டு அதற்கேற்ற விலை பேசுவது நியாயம். கடைசி நேரத்தில் ‘மிச்சம் இருக்கிற மூணு கிலோவையும் எடுத்துக்கிறேன், என்ன விலைங்க?’ என்று கேளுங்கள், இருவருக்கும் நல்லது.

விற்பவர் நிஜமான விவசாயியா, மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்கிறவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, திருச்சி)

உழவர் சந்தையில் விற்க, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். அவருக்கு நிலம் இருக்கிறதா, என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று அலுவலர்கள் சரிபார்த்த பிறகே அட்டை கிடைக்கும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. குடும்பத்தினர் யாராவது அமர்ந்திருக்கலாம், அதையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம்.

அட்டையைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சரக்கைப் பாருங்கள். விவசாயியின் கடையில் நான்கைந்து வகைதான் இருக்கும், அவையும் ஒரே மண்ணில், ஒரே பருவத்தில் வரக்கூடியவையாக இருக்கும். காயின் அளவு ஒன்றுபோல் இருக்காது. நீட்டும் குட்டையும் வளைந்ததும் கலந்திருக்கும். ஒரே கடையில் கேரட்டும் முள்ளங்கியும் மாங்காயும் முருங்கையும் குடைமிளகாயும் ஒரே அளவாகப் பொறுக்கி அடுக்கியிருந்தால் அது பெரும்பாலும் வாங்கி விற்கும் சரக்கு. மலைக்காய்கறிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் சமவெளியில் அதிகம் விளையாது என்பதால் பல சந்தைகளில் அவற்றுக்குத் தனியாகக் கடை ஒதுக்கி, குழுக்கள் மூலம் விற்க ஏற்பாடு இருக்கும்.

பேச்சுக் கொடுப்பது எல்லாவற்றையும்விட நம்பகமான வழி. ‘எப்பப் பறிச்சதுங்க? எத்தனையாவது பறிப்பு? தண்ணி கிணறா, போரா?’ என்று கேட்டுப் பாருங்கள். விளைவித்தவர் கேட்காத தகவலையும் சேர்த்துச் சொல்வார். வாங்கி விற்பவரிடம் ‘இன்னைக்குத்தான், ஃப்ரெஷ்’ என்பதைத் தாண்டி வார்த்தை வராது. உறுதியாகத் தெரிந்தால் சந்தைக்குள்ளேயே இருக்கும் நிர்வாக அலுவலகத்தில் கடை எண்ணைச் சொல்லிப் புகார் கொடுங்கள். அட்டையுள்ள விவசாயிக்குச் சேர வேண்டிய இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வதை வாங்குகிறவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர்கள் கோபப்படுகிறார்கள். ஒடிக்காமல் பிஞ்சு எது, முற்றல் எது என்று எப்படித் தெரியும்? மற்ற காய்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். (வாசகி, மதுரை)

அவர்கள் கோபப்படுவது நியாயமே. நுனி ஒடிந்த வெண்டையை அடுத்தவர் வாங்க மாட்டார். ஒடிந்த இடத்தில் கசியும் வழவழப்பில் கறுப்பு ஏறி, பக்கத்துக் காயும் கெடும். பத்துப் பேர் ஆளுக்கு நான்கு ஒடித்தால் கால் கிலோவுக்கு மேல் குப்பை.

வெண்டை, பூ விரிந்த ஐந்தாறு நாளில் பறிக்க வேண்டிய காய். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிறார்கள். ஒரு பறிப்பு தவறினால் நார் ஏறிவிடும். ஆள்காட்டி விரல் நீளத்துக்குள் இருப்பதை எடுங்கள். காயின் மேல் மெல்லிய சுணை கையில் உறுத்தினால் புதிது. பல கை மாறிய காயில் சுணை உதிர்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். பிறகு காயின் நடுவில், இரண்டு விளிம்புக்கு இடையே கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தால் பிஞ்சு. உள்ளே விதை உருண்டையாகத் தட்டுப்பட்டால், அழுத்தத்துக்கு இடமே கொடுக்காவிட்டால் முற்றல். விளிம்புகளில் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. சில வீரிய ரகங்கள் நீளமாக இருந்தும் நார் வைக்காது. அங்கே நீளத்தை விட்டுவிட்டு, அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்புங்கள்.

கத்தரிக்காய்க்குக் காம்புதான் சாட்சி. காம்பும் அதை ஒட்டி காயைப் பிடித்திருக்கும் பச்சைப் பகுதியும் பசுமையாக, விறைப்பாக இருக்க வேண்டும். அது சுருங்கிப் பழுப்பானால், தோல் எவ்வளவு மின்னினாலும் இரண்டு மூன்று நாள் பழையது. தோலில் மினுமினுப்பு போய் மங்கியிருந்தால் விதை முற்றி, சமைத்தால் கசக்கும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் காயின் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். புழு நுழைந்த துளை பல நேரம் காம்புக்கு அருகில், பச்சைப் பகுதியின் ஓரத்தில் ஒளிந்திருக்கும், அங்கே பாருங்கள். வேலூர்ப் பக்கம் போனால் இலவம்பாடி முள்ளுக் கத்தரியை விட்டுவிடாதீர்கள். காம்பில் முள் இருக்கும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம். எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்கு அதற்கு ஈடு சொல்ல முடியாது.

முருங்கைக்காயில் பென்சில் பருமனுக்கு இருப்பதைப் பிஞ்சு என்று எடுத்துவந்து, உள்ளே சதையே இல்லை என்று வருந்துகிறவர்கள் அதிகம். கட்டைவிரலைவிடச் சற்றுக் குறைந்த பருமன், முழு நீளத்துக்கும் ஒரே பச்சை, கையில் எடுத்தால் கனம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். இரு முனையையும் பிடித்து மெதுவாக முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். விதை இருக்கும் இடமெல்லாம் முண்டு முண்டாகப் புடைத்து, காய் கனமில்லாமல் இருந்தால் வாயில் நார்தான் மிஞ்சும்.

அவரையில் விதை புடைக்காமல், தட்டையாக இருக்க வேண்டும். விதைக்காகவே வாங்கினால் நேர்மாறாகப் பாருங்கள். பாகற்காயின் நுனியில் மஞ்சள் ஓடினால் இரண்டு நாளில் பழுத்து வெடிக்கும். பீர்க்கங்காய் கையில் கனமாக இருக்க வேண்டும், கனமில்லாதது உள்ளே கூடாகிவிட்டது. சுரைக்காயில் நகம் பட்டால் இறங்கும் என்பது சரிதான், ஆனால் நகத்தைப் பதித்துவிட்டு வாங்காமல் போகாதீர்கள். காம்பு பச்சையாக, தோலில் மெல்லிய பூனைமுடி இருந்தாலே அது பிஞ்சு.

சின்ன வெங்காயம் விலை இறங்கும்போது மொத்தமாகப் பத்து கிலோ வாங்கினால், ஒரு மாதத்துக்குள் பாதி அழுகிவிடுகிறது. எங்கே தவறு? (வாசகர், நாமக்கல்)

வாங்குகிற இடத்திலேயே பாதித் தவறு நடந்திருக்கும். சின்ன வெங்காயம் ஏறக்குறைய 65, 70 நாள் பயிர். தாள் (வெங்காயத்தின் இலை) மஞ்சளாகிச் சாய்ந்ததும் பிடுங்கி, நிழலில் நன்றாகக் காயவைத்த வெங்காயமே இருப்புக்குத் தாங்கும். விலை இறங்கும் நேரம் அறுவடை குவியும் நேரம். நேற்றுப் பிடுங்கியதை இன்று சந்தைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அதில் ஈரம் இருக்கும். அன்றாடச் சமையலுக்கு அது அருமையான வெங்காயம், இருப்புக்கு ஆகாது. அதோடு ஈரத்துக்கும் சேர்த்து எடை போட்டுக் காசு கொடுக்கிறீர்கள்.

பெரம்பலூர் மாவட்டத்தில் விவசாயிகள் வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் படாமல் உயர்த்தி, பக்கவாட்டில் காற்று புகும்படி அடைத்து, மேலே கீற்று வேய்ந்திருப்பார்கள். நல்ல விலை வரும்வரை மாதக்கணக்கில் அதில் கிடக்கும். அந்த ஏற்பாட்டில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வெங்காயத்துக்கு வேண்டியது காற்று. இருட்டான அலமாரியும் கட்டிவைத்த பிளாஸ்டிக் பையும் அதற்கு எதிரி.

வாங்கும்போது முதலில் கழுத்தைப் பாருங்கள். தாள் அறுத்த இடம் சுருங்கி, இறுகி மூடியிருக்க வேண்டும். இரண்டு விரலால் நசுக்கினால் மெத்தென்று இருந்தாலோ ஈரம் தட்டுப்பட்டாலோ முதலில் அழுகப் போவது அதுதான். ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்குங்கள். காய்ந்த வெங்காயம் சலசலக்கும், ஈரமானது சத்தமில்லாமல் விழும். பிறகு மூக்கருகே கொண்டுபோங்கள். குவியலில் புளித்த வாடை வந்தால் அழுகல் உள்ளே தொடங்கிவிட்டது. மழையில் நனைந்த அறுவடை என்று தெரிந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பத்து கிலோவையும் கொட்டிப் பிரியுங்கள். வெட்டுப்பட்டது, முளைவிட்டது, கழுத்து தடித்தது ஆகியவற்றைத் தனியே வைத்து முதல் வாரத்திலேயே தீர்த்துவிடுங்கள். இரண்டு மூன்று பல்லாகப் பிரிந்த பெரிய வெங்காயமும் அந்தப் பக்கம்தான். நடுத்தர அளவில் உருண்டையாக, தோல் ஒட்டியிருப்பதே கடைசிவரை தாங்கும். அதைச் சணல் சாக்கின்மேலோ மூங்கில் தட்டிலோ இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மின்விசிறி ஓடும் கூடத்தில் கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் சரிதான். உருளைக்கிழங்கைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அதன் ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும், இரண்டும் சீக்கிரம் முளைக்கும். வாரம் ஒருமுறை கையால் புரட்டி, மெத்தென்று ஆனதை எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் சுற்றியிருக்கும் ஐந்தாறு நனைந்துவிடும்.

தாளோடு கொத்தாக விற்பவர் கிடைத்தால் அதையே வாங்கி, கொடியில் கட்டித் தொங்கவிடுங்கள்.

கீரை வாங்கிய மறுநாளே வாடிவிடுகிறது. மூன்று நாள் வைக்க முடியுமா? (வாசகி, சென்னை)

இரண்டு நாள் வைக்கலாம். மூன்றாவது நாள் சத்தும் சுவையும் குறைந்த கீரையைத்தான் சாப்பிடுவீர்கள். வாரத்தில் இரண்டு தடவை வாங்குவதே சரி.

அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எதுவானாலும் வேரோடு, வேரில் மண்ணோடு இருப்பதை எடுங்கள். பூவும் விதையும் கட்டியிருந்தால் தண்டு நாராகியிருக்கும். இலையில் அங்கங்கே சிறு ஓட்டை இருப்பதால் கெடுதல் இல்லை. இலையின் அடிப்பக்கம் வெள்ளைக் கொப்புளங்களாக இருந்தால் அது பூஞ்சை நோய், வேண்டாம்.

கட்டின் நடுப்பகுதிதான் முதலில் அழுகும். இறுக்கிக் கட்டிய வாழைநாரையோ ரப்பரையோ வீட்டுக்கு வந்த கையோடு அவிழ்த்து, பரப்பி, மஞ்சள் இலைகளை எடுத்துவிடுங்கள். கழுவாதீர்கள். வேரை நறுக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வாழைப்பழம், பப்பாளி, மாம்பழத்தோடு சேர்த்து வைத்தால், பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் கீரை மஞ்சளித்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், வேர் மட்டும் நனையும்படி அகலமான கிண்ணத்துத் தண்ணீரில் நிறுத்தி நிழலில் வைத்தால் மறுநாள் காலைவரை நிற்கும்.

சமைக்கும் முன் அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் எடுத்து, கீரையை அமுக்கி அலசி, கையால் மேலே அள்ளி எடுங்கள். வடிதட்டில் பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் கீரைமேல்தான் விழும். தண்ணீர் தெளியும்வரை மூன்று தடவை செய்யுங்கள். முருங்கைக்கீரையை ஆய நேரமில்லையென்றால், கொப்போடு ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் உதறுங்கள், இலை தானே உதிரும்.

மார்கழியில் முருங்கைக்காய் ஒன்று இருபது ரூபாய்க்கு மேல் போகிறதே, ஏன்? (வாசகர், கரூர்)

மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்துவிடும், பிஞ்சு பிடிக்காது. பங்குனியிலிருந்து ஆடிவரைதான் முருங்கைக்கு நல்ல காய்ப்பு. உங்கள் மாவட்டத்து அரவக்குறிச்சிப் பக்கமே அப்போதுதான் காய் குவியும். குளிர்காலத்தில் வடமாநிலங்களிலிருந்து வரும் காயையே பெரும்பாலும் விற்கிறார்கள். அந்த இரண்டு மாதமும் சாம்பாருக்கு அவரையும் பச்சை மொச்சையும் போடுங்கள், மார்கழி, தை மாதங்களில் அவைதான் மலிவு. தையில் வரும் புதுச் சேனை மட்டும் அரிக்கும். வாங்கி மூன்று நான்கு வாரம் காற்றாட வைத்திருந்து சமைத்தால் அரிப்பு குறையும். அவசரமென்றால் நறுக்கிப் புளித்தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் தோப்புக்காரர்களே மாம்பழக் கடை போட்டிருக்கிறார்கள். கல் வைத்துப் பழுக்கவைத்ததா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? (வாசகி, ஓசூர்)

கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்கவைப்பதற்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதுதான் காரணம். எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவுக்குள், 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை, தனி அறையில் பயன்படுத்த அனுமதி உண்டு. அது பழத்திலேயே இயற்கையாகச் சுரக்கும் வாயு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசமே இல்லை, அறுத்தால் உள்ளே வெளிறி, கொட்டைப் பக்கம் புளிப்பு. கல் வைத்த பழம் என்று சந்தேகிக்க இவை போதும், ஆனால் கண்ணால் மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. அதனால் தோப்புக் கடையில் பழமாக வாங்குவதைவிட முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்கவைப்பதையே பரிந்துரைக்கிறோம்.

முற்றிய காயில் காம்பைச் சுற்றியுள்ள தோள்பட்டை, காம்பு இருக்கும் இடத்தைவிட மேலே எழும்பி, காம்பு ஒரு குழிக்குள் இருப்பதுபோல் தெரியும். கன்னங்கள் திரண்டிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முற்றியது மூழ்கும், இளங்காய் மிதக்கும். இளங்காயை எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது. காம்பு ஒரு சென்டிமீட்டராவது ஒட்டியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். காம்பு பிடுங்கிய இடத்தில் வழியும் பால் தோலைக் கறுக்கவைத்து, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும்.

வீட்டில் கழுவி, துடைத்து உலர்த்தி, வைக்கோலிலோ செய்தித்தாளிலோ காம்பு கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். நடுவில் பழுத்த வாழைப்பழம் ஒன்றிரண்டு வைத்தால் சீக்கிரம் பழுக்கும். நான்கிலிருந்து ஆறு நாளாகும், மூன்றாம் நாளிலிருந்து தினமும் பாருங்கள். செந்தூரா சீசனின் தொடக்கத்திலேயே வரும். இமாம்பசந்து வரும் காலம் மிகக் குறைவு, கண்டவுடன் வாங்கிவிடுங்கள். கடைசியில் வரும் நீலம் ரகத்தில் கொட்டைக்குள் வண்டு இருக்க வாய்ப்பு அதிகம், அதை முழுதாகக் கடிக்காமல் அறுத்துப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

‘இயற்கை விவசாயக் காய்’ என்று பலகை வைத்து இரட்டிப்பு விலை சொல்கிறார்கள். நம்பலாமா? (வாசகர், கோவை)

பலகையை நம்ப வேண்டாம், கேள்வி கேளுங்கள். முறையான சான்றிதழ் இரண்டு வகை. ஒன்று, தேசிய அங்கக (ஆர்கானிக்) உற்பத்தித் திட்டத்தின்கீழ் வருவது. உங்கள் ஊரிலேயே தலைமையகம் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை அதைத் தருகிறது. இன்னொன்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சரிபார்க்கும் பி.ஜி.எஸ். முறை. இதில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’ என்றால் மாறிக்கொண்டிருக்கும் நிலம், ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’ என்றால் முழுதாக மாறிய நிலம். ரசாயனத்தை நிறுத்திய மறு போகத்திலேயே சான்று கிடைத்துவிடாது. தேசியத் திட்டத்தின்படி குறுகிய காலப் பயிருக்கு இரண்டு ஆண்டும், மா, தென்னை போன்ற மரப்பயிருக்கு மூன்று ஆண்டும் மாற்றக் காலம் உண்டு.

ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு விவசாயி நேரடியாக உங்களிடம் விற்றால் சான்றிதழ் கட்டாயமில்லை. எனவே சான்றிதழ் இல்லை என்பதற்காக ஒருவரைப் பொய்யர் என்று முடிவு கட்டாதீர்கள். ‘அசுவினிப் பூச்சிக்கு என்ன அடிக்கிறீங்க? உரத்துக்கு என்ன வழி?’ என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று எதை எப்போது அடித்தார், எந்தப் பயிரில் தோற்றார் என்றெல்லாம் விவரமாகச் சொல்பவரிடம் தாராளமாக வாங்கலாம். தோட்டத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் நாள் குறித்துக் கொடுப்பார். எல்லாக் காயும் வருடம் முழுக்க இயற்கையில் கிடைக்கும் என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எங்கே வாங்கினாலும் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். தோலின் மேல் படிந்த மருந்து கணிசமாகப் போகும். செடிக்குள் ஊடுருவிய மருந்து உப்புத்தண்ணீரிலும் போகாது, மஞ்சள்தண்ணீரிலும் போகாது.

எடை குறைகிறதோ என்று சந்தேகம். சண்டை போடாமல் எப்படிச் சரிபார்ப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

உறை பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் எடுத்துப் போங்கள். ‘இதைக் கொஞ்சம் வச்சுப் பாருங்கண்ணே’ என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். உறையின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் சில கிராம் காட்ட வேண்டும், 980 காட்டினால் தராசில் கோளாறு. காயை வைக்கும் முன் எண் பூஜ்யத்தில் இருக்கிறதா, தட்டை வைத்த பிறகு பூஜ்யம் செய்தார்களா என்று பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். உழவர் சந்தையில் என்றால் நிர்வாக அலுவலகத்தில் சொல்லுங்கள், மற்ற இடமென்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். வாரச்சந்தையில் கூறு கட்டி விற்பதற்கு எடையே கிடையாது. அங்கே கூறைப் பையில் கொட்டும் முன் அடிக்காய்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

நன்றாகப் பழுத்ததை வைக்கலாம். செங்காயை வைத்தால் குளிரில் பழுப்பது நின்று, சப்பென்று ஆகிவிடும். வெளியே, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக வையுங்கள். தோல் மெலிந்த நாட்டுத் தக்காளி மூன்று நாள்தான் தாங்கும், ரசத்துக்கு அதன் புளிப்பே வேண்டும். தோல் தடித்த வீரிய ரகம் ஒரு வாரம் இருக்கும்.

பச்சைக் காய்க்குச் சாயம் போடுகிறார்களாமே? (வாசகி, விழுப்புரம்)

பஞ்சைத் தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்து, காயின் தோலில் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் மாலகைட் பச்சைச் சாயம் போட்டிருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இதே சோதனையில் பஞ்சு ஊதா கலந்த சிவப்பானால் அதுவும் சாயமே.

தோட்டத்தில் பறித்துத் தந்த சுரைக்காய் கடும் கசப்பாக இருந்தது. உப்புப் போட்டுப் பிழிந்து சமைத்தால் சரியாகுமா? (வாசகி, தேனி)

சமைக்காதீர்கள், தூக்கி எறியுங்கள். சுரை, பீர்க்கு, வெள்ளரி, புடலை ஆகியவற்றில் சில நேரம் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நச்சு அதிகமாகிவிடும். வேகவைத்தாலும் அது போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்திவரை கொண்டுபோகும், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் கசப்புக் காய்க்கும் நல்ல காய்க்கும் வித்தியாசம் தெரியாது. எனவே இந்தக் காய்களை நறுக்கியதும் காம்புப் பக்கத்திலிருந்து கடுகளவு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். சுரைக்காய்ச் சாறு குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் ஒவ்வொரு காயையும் இப்படிப் பார்த்தே ஆக வேண்டும். கசப்பான சாற்றைக் குடித்த பிறகு வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், சுரைக்காய்ச் சாறு குடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். காய் தந்த விவசாயிக்கும் தகவல் கொடுங்கள். அந்தக் கொடியை அவர் பிடுங்கி எறிய வேண்டும், அதிலிருந்து விதை எடுக்கவே கூடாது.